பூண்டியில் பூண்டு நெடி!

"அய்யோ... ஓடியாங்க! அய்யா வாயில நுரை தள்ளிக் கெடக்காரு...!"

சமையல்காரி சின்னத்தாயியின் அலறலில் பூண்டி கிராமமே விழித்துக்கொண்டது.

1962. தை மாதம். எலும்பைத் துளைக்கும் குளிர்!

வயல் எலிகளை ஒழிக்கவும், சோலைக்காட்டு விலங்குகளைக் காக்கவும் சர்க்கார் போட்டிருந்த ஆராய்ச்சி முகாம் அது. அதன் அதிகாரி சுப்புராஜ், ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கட்டிலோரம் பிணமாகக் கிடந்தார்.

கொடைக்கானலிலிருந்து ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் சேனாதிபதி, பிணத்தின் முகத்தருகே குனிந்தார்.

குப்பென்று பூண்டு நெடி!

"ராத்திரி பூண்டு ரசம் குடிச்சாருங்க சார்." முந்திக்கொண்டான் உதவியாளன் குமாரவேல். "ரெண்டு டம்ளர். என் கண்ணால பாத்தேன். வேலைய விட்டு நிறுத்திருவேன்னு அய்யா சொன்னாரு... அந்தக் கோவத்துல இவ எலி விஷத்தக் கலந்துட்டா!"

"அடப்பாவி! நான் பூண்டே உரிக்கலையே...!"

"பூண்டு விளையிற பூண்டியில இருந்துக்கிட்டு பூண்டு உரிக்கலையாம்!" என்றான் குமாரவேல்.

கான்ஸ்டபிள் கைவிலங்கை எடுத்தார். கொலைக் கேஸ்... தூக்கு! சின்னத்தாயிக்காகப் பேச அங்கே ஒரு நாதியில்லை.

"இருப்பா..." என்றார் சேனாதிபதி.

முந்தாநாள் சுப்புராஜ் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னது அவர் காதில் ஒலித்தது.

'எலிக்கு வச்சிருந்த விஷத்த ஆட்டுக்கறியில தடவி காட்டுல போட்டிருக்காங்க இன்ஸ்பெக்டர். மூணு சிறுத்தை செத்துருச்சு. தோல உரிச்சு விக்கிறாங்க. ஆள் யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வர்றேன்...'

வரவில்லை. பிணமாகிவிட்டார்!

"குமாரவேல்... ரெண்டு மூணு நாளா நீ எங்கே இருந்தே?"

"பெரியகுளத்துல ஒரு சோலிங்க சார். மூணு நாள் கழிச்சு நேத்துப் பொழுதடையத்தான் வந்தேன்."

மேஜையில் ஒரு ஃபிளாஸ்க்.

"இது?"

"குமாரவேலு ராத்திரி கொண்டாந்ததுங்க," என்றாள் சின்னத்தாயி. "அய்யாவுக்குச் சுக்குக் காப்பி."

"ஆமா சார்... குளிருக்கு இதமா இருக்கட்டும்னு..."

சேனாதிபதி மப்ளரை விலக்கினார். ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழற்றினார்.

உள்ளே... துளசிமணி மாலை!

"நேத்து வெள்ளனேதான் பழனிக்கு மாலை போட்டாருங்க." சின்னத்தாயி விம்மினாள். "விரதத்துல பூண்டு, வெங்காயம் எதுவும் தொடமாட்டாரு. வெறும் பச்சப்பயறுக் கஞ்சிதான் வச்சுக் குடுத்தேன்."

குமாரவேலின் முகம் வெளுத்தது. ஸ்வெட்டருக்குள் இருந்த மாலையை அவன் எங்கே கண்டான்!

சேனாதிபதி ஃபிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார்.

"எலி விஷத்துக்குப் பூண்டு நெடி உண்டு. ஊரே பூண்டு வாசத்துல கெடக்கு, எவனுக்கு வித்தியாசம் தெரியப்போகுதுன்னு நெனச்சே. ரசத்து மேல பழியப் போட்டே. சிறுத்தையக் கொன்னு தோல் வித்தது நீதான்னு அவரு கண்டுபிடிச்சதும் தீத்துக் கட்டிட்டே. ஆனா... சுக்குக் காப்பியில எவன்டா பூண்டு போடுவான்?"

குமாரவேல் வாசலுக்குப் பாய்ந்தான்!

கான்ஸ்டபிள் காலை நீட்டினார். குப்புற விழுந்தவனின் கையில், சின்னத்தாயிக்காக எடுத்த விலங்கு 'க்ளிக்'கென்று பூட்டிக்கொண்டது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பேரு மட்டும் குமாரவேல்... முருகன் விரதம்தான் ஞாபகத்துல இல்ல!" சேனாதிபதி அவனைத் தூக்கி நிறுத்தினார். "கவலைப்படாதலே. ஜெயில்ல எலித் தொல்லை ஜாஸ்தி. மிச்ச ஆராய்ச்சிய அங்க வச்சுக்க!"