கரும்புகை கிளம்பாத தீ

"இந்தக் கடுதாசியில நான் ஒப்பம் வைக்கமாட்டன், மிஸ்."

2010ஆம் ஆண்டின் ஒரு திங்கட்கிழமை. மருதவெளிப் பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூட வாசலில் துப்புரவுத் தொழிலாளி சீதேவிப்பிள்ளை மூச்சிரைக்க நின்றாள். அவள் குப்பையைத் தரம் பிரித்துவந்த கொட்டில் சனிக்கிழமை மதியம் எரிந்துபோனது. அவள் அணைக்காமல் விட்ட தேத்தண்ணி அடுப்பே காரணம் என்றது பராமரிப்புப் பிரிவு நீட்டிய கடிதம். ஒப்பம் வைத்தால் வேலை தப்பும். ஆனால் கொட்டில் மூடப்பட்டு, குப்பையெல்லாம் பழையபடி வாவிக்கரைக்குப் போகும்.

விரிவுரையாளர் ஞானமணி கடிதத்தை நிதானமாக வாசித்தார். "எப்ப பூட்டினீங்க, அக்கா?"

"வெள்ளி பின்னேரம், எல்லாரும் போன பிறகு. பிளாஸ்டிக் போத்தலையெல்லாம் வெள்ளைச் சாக்கில இருந்து புதுப் பச்சைச் சாக்குக்கு மாத்திப்போட்டுத்தான் பூட்டினன். நாப்பது சாக்கு. பூட்டுக்கு ரெண்டு திறப்பு, ஒண்டு என்னட்ட, மற்றது பராமரிப்பு அதிகாரியிட்ட."

மாணவி ஹிதாயா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

எரிந்த கொட்டிலின் சாம்பலை ஞானமணி குச்சியால் கிளறினார். எரிந்த தாள், பூட்டியபடியே கிடந்த பூட்டு. வேறொன்றும் இல்லை.

"பிளாஸ்டிக் உருகினாக் கட்டிகட்டியாக் கிடக்குமே, மிஸ்!" என்றாள் ஹிதாயா.

"ஓம். அப்ப போத்தல் எங்க? வாவிக் கரையோரம் தேடிப் பாருங்க."

பின்னேரம் பதிவாளர் அறையில் விசாரணை. பராமரிப்பு அதிகாரி சுபாகரன் கையை விரித்தார். "நான் அந்தப் பக்கம் போயே ஒரு மாசம், சேர். நாப்பது பச்சைச் சாக்குப் போத்தலும் சாம்பலாப் போச்சு!"

சீதேவிப்பிள்ளை சடாரென்று நிமிர்ந்தாள்.

"பச்சை எண்டு எப்படித் தெரியும்?" ஞானமணியின் குரல் உயரவில்லை. "வெள்ளி பின்னேரம் வரைக்கும் அது வெள்ளைச் சாக்கு. அவ பூட்டின பிறகு உள்ளுக்குப் போன ஆளுக்குத்தான் நிறம் தெரியும். பூட்டு உடையல்ல. மற்றத் திறப்பு உங்கட மேசையில. போத்தல் எரிஞ்சாக் கரும்புகை கிளம்பும், காவலரணில இருந்து ஆமி ஓடிவரும். அதுக்குப் பயந்து முதலே வெளியில எடுத்திட்டீங்க."

சேறு வடியும் பச்சைச் சாக்கொன்றோடு ஹிதாயா உள்ளே வந்தாள். "மிச்சமும் கண்டல் பற்றைக்குள்ள கிடக்கு, சேர்!"

சுபாகரன் தலை குனிந்தார். "குப்பை குறைஞ்சு, அத ஏத்துற மச்சான்ட லொறிக்கு வேலையில்லாமப் போச்சு..."

பதிவாளர் தொண்டையைச் செருமினார். "சீதேவிப்பிள்ளை, இனி உங்களுக்கு இந்தக் கஷ்டம் வேணாம். அலுவலகத்தில தேத்தண்ணி ஊத்துற வேலை தாறன்."

அவள் கடிதத்தை நாலாகக் கிழித்தாள்.

"சுனாமி என்ட வீட்டக் கொண்டுபோச்சு. சண்டை என்ட மனிசனக் கொண்டுபோச்சு. அப்பவே நான் குந்தல்ல, சேர். தேத்தண்ணிக்கு வேற ஆளப் பாருங்க. எனக்கு நாலு தகரமும் எட்டுக் கம்பும் தாங்க. அதே இடத்தில, நாளைக்கே!"