இரண்டு வாசல் வழியாக வந்தவர்

செருப்புச் சத்தம் முன்வாசலிலும் கேட்டது. கொல்லைவாசலிலும் கேட்டது.

1933ஆம் வருஷத்து ஐப்பசி மழை. ஆம்பூரில் மழை பிடித்துக்கொண்டால் தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்பு நாற்றமும் ஆவாரம்பட்டை வாடையும் ஈரக்காற்றோடு வீட்டுக்குள் புகுந்து, சுவரிலும் துணியிலும் சோற்றிலும்கூட ஒட்டிக்கொள்ளும். அந்த வாடைக்கு நடுவே கூடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த அமிர்தவள்ளி, வேலூர்க் காலேஜில் சயன்ஸ் வாத்தியாராக இருக்கும் கணவர் சுப்பராயன் வந்துவிட்டார் என்று திரும்பினாள். முன்வாசலில் அவர் நின்றார். அவள் பார்த்த அந்த நொடியே கொல்லைச் சத்தம் நின்றுபோனது.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. ஈரச் செருப்புத் தடம் உள்ளே வந்து, பாதியிலேயே முடிந்திருந்தது.

"பின்னால யாருங்க வந்தது?"

அவர் அவளையே பார்த்தபடி உள்ளே வந்தார். ஒரு மாதமாகவே பேச்சு குறைந்துபோயிருந்தது. இருட்டறை, மங்கல் விளக்கு, இரண்டு கீறல் போட்ட தகடு, அதன் பின்னால் போட்டோ பிளேட். அதுதான் அவர் உலகம். வெளிச்சத்தைத் துளித்துளியாக அனுப்பினாலும் ஒரே துளி இரண்டு கீறல் வழியாகவும் போகிறது, எதில் போகிறது என்று பார்த்தால் மட்டும் ஏதாவது ஒன்றில்தான் போகிறது என்று அவர் சொன்னபோது, "இன்னாங்க இது, பேஜாரு!" என்று அவள் சிரித்திருந்தாள்.

"அமிர்தம், என்னைப் பாத்துக்கினே இரு" என்றார் இப்போது. "ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வழியில ஒரு ஆளு இல்ல. யாரும் பாக்காதப்போ நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல."

"இன்னா சொல்றீங்க?"

"கண்ணை எடுக்காத."

எடுக்கவில்லை. கண் எரிந்தது, நீர் கோத்தது. தாங்காமல் ஒருமுறை இமைத்தாள். திறந்தபோது அவர் கூடத்தின் மறுமூலையில் நின்றிருந்தார். நடந்து போன சத்தமே இல்லை. அவர் முகத்தில் அவளைவிட அதிகப் பயம்.

காற்று வீசியது. திரி படபடத்தது.

"விளக்கு! அமிர்தம், விளக்கு!"

அணைந்தது.

இருட்டு. மழை. பட்டை வாடை.

"ஏங்க?"

"இங்கதான் இருக்கேன்" என்றது இடப்பக்கமிருந்து ஒரு குரல். வலப்பக்கமிருந்தும். ஒரே சொல். ஒரே மூச்சு.

தீப்பெட்டி கையில் அகப்பட்டது. குச்சியை எடுத்தாள். உரசவில்லை. பார்த்தால் ஒருவர்தான் மிஞ்சுவார். எவர்?

பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. மறுதோளிலும் ஒன்று. குளிர்ந்த கைகள். குச்சி நழுவியது. விரல்களால் இரண்டையும் தடவிப் பார்த்தாள்.

இரண்டும் வலது கை.