செங்கம்மாளின் நடுமரம்

எல்லப்பனுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. முந்தின நாள் முழுக்க உப்பு மூட்டை தூக்கியவன், தான் எடுபிடியாக இருக்கும் ரிட்டயரான சப்-இன்ஸ்பெக்டர் ராமானுஜத்தின் வாசலில் நிமிர முடியாமல் நின்றபோது செங்கம்மாள் வந்தாள்.

“கட்டுமரத்துல நடுமரத்தைக் காணோம், ஐயா. வூட்டுக்காரரு காய்ச்சல்ல கெடக்காரு. பதினஞ்சு நாளா அவுத்துக் காயப் போட்டிருந்தோம். நாளைக்கு போர்டு ஆளு வந்து பாக்கச்சொல்ல மரம் முழுசா இல்லைன்னா, எடத்தைப் புடுங்கிடுவாங்க.”

மாமல்லபுரம் கரையில் பஞ்சாயத்து போர்டு கல் நட்டு, கட்டுமரத்துக்கு ஓர் இடம் என்று பிரித்து விட்டிருந்தது. காவலுக்குப் போட்ட திருவேங்கடம் கடல் தொழில் தெரியாத ஊர்க்காரன். பக்கத்து இடம் அவன் மச்சான் அருணகிரிக்கு. மூவரும் கரைக்குப் போனபோது இருவரும் அங்கே நின்றார்கள்.

“அலை அடிச்சிகினு போச்சு. கடலாண்ட போய்க் கேளு” என்றான் திருவேங்கடம். “பென்ஷன் வாங்குறவருக்கு இங்க இன்னா வேலை?”

ராமானுஜம் மணலைக் காட்டினார். மரங்கள் கிடந்த மூன்று பள்ளமும் விளிம்பு சரியாமல் இருந்தன. “அலை வந்திருந்தால் இதெல்லாம் தூர்ந்து போயிருக்கும்.”

அருணகிரியின் இடத்தில் நாலு மரங்கள் சொட்டச் சொட்டக் கிடந்தன.

“நாலும் காத்தால கடலுக்குப் போய் வந்ததுதான்” என்றான் திருவேங்கடம். “அவ மரம் இதைவிட நீளம். அளந்து பாத்துக்க.”

“எல்லப்பா, ஒவ்வொன்றாகத் தலைப்பக்கம் தூக்கு.”

எல்லப்பன் மனசுக்குள் திட்டிக்கொண்டே குனிந்தான். மூன்று மரம் அசைந்து கொடுக்கவே உயிர் போனது. நாலாவது, பிடித்ததும் மேலே வந்துவிட்டது.

“மேலதான் ஈரம், சார். உள்ள காஞ்சு கீது. வேணும்னா என் இடுப்பைக் கேளுங்க.”

“கடலுக்குப் போன மரம் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும்” என்றார் ராமானுஜம். “குடத்துத் தண்ணீர் ஊற்றினால் தோல்தான் நனையும். அருணகிரிக்கு அது தெரியும். அவன் கடலில் இருந்தபோது ஊற்றியவன் நீ, திருவேங்கடம். இந்தக் கரையில் பதினைந்து நாள் காய்ந்த மரம் ஒன்றுதான்.”

முனையில் பூசியிருந்த தாரை நகத்தால் சுரண்டினார். புது அறுப்பு வெளுப்பாகத் தெரிந்தது. “குடும்ப அடையாளம் வெட்டியிருந்த நுனியை அறுத்துவிட்டீர்கள்.”

அருணகிரி மச்சானைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. “தண்ணி ஊத்தச் சொன்னேனாடா ஒன்னை?”

செங்கம்மாள் அவன் காலடியில் காறித் துப்பினாள். “குட்டையாப் போன நடுமரத்தை வெச்சிகினு இன்னாத்தைக் கட்டுறது? அடுப்புலதான் வெக்கணும்.”

ராமானுஜம் போர்டு ஆளிடம் நடந்ததைச் சொன்னதால் இடம் தப்பியது. காய்ச்சல் விட்டு எழுந்த அவள் புருஷன் அடுத்தவன் மரத்தில் கூலிக்குப் போனான். போர்டு தீர்ப்புப்படி அருணகிரி செங்கம்மாளுக்கு முழு நீளத்தில் ஒரு நடுமரம் தர வேண்டும். இன்னும் தரவில்லை.