தொண்ணூற்றொன்பதில் நின்ற வீடியோ

டோரண்ட் என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதே பிரச்சினைதான். டோரண்டில் இறக்குகிற திருட்டுப் படம் பாதியில் நிற்கிறதாம், இந்த ராதிகா போய் இறக்கித் தர வேண்டுமாம். அதனால் எழில்மதி போனில் கூப்பிட்டபோதும் சுள்ளென்று விழுந்தேன்.

"படம் இல்லக்கா. எங்க வூட்டுக்காரரு கடைசியா எடுத்த வீடியோ. எறங்க மாட்டேங்குது."

வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் கணவன் தங்கதுரையை எனக்குத் தெரியும். கூத்து, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வீடியோ எடுப்பவன். வாட்ஸ்அப்பில் போகாத பெரிய வீடியோக்களை டோரண்ட் வழியாகத்தான் ஆட்களுக்கு அனுப்புவான். ஆடி மாதம் பாக்கெட் சாராயம் குடித்துச் செத்துப்போனான். முதலில் கண் போனது, அப்புறம் உயிர். எங்கே வாங்கினான் என்று யாருக்கும் தெரியாதாம். தெருவுக்கே தெரிந்ததைச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு வாய்கூட இல்லை!

மழை மூட்டமான மதியம். கல்வராயன் மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. எழில்மதியின் வீட்டுக்குள் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"பகல்லயே லைட்டா?"

"அவரு கண்ணு போனப்ப, லைட்ட போடு எழிலு, லைட்ட போடுன்னு கத்திக்கினே இருந்தாருக்கா. லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சி." டியூப் லைட்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கப்புறம் நான் அணைக்கவே இல்ல."

மூலையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர். திரையில் டோரண்ட் திறந்திருந்தது. 'அண்ணன்' என்ற பெயரில் ஒரே ஒரு வீடியோ, தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றிருந்தது. சாகிற அன்று காலையில் தங்கதுரை தன் லேப்டாப்பிலிருந்து இதற்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறான். முடிவதற்குள் வாந்தி எடுத்து விழுந்துவிட்டான்.

"அதுல இன்னா இருக்குது எழிலு?"

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "சாராயம் விக்காதன்னு இவரு அவங்க அண்ணங்கிட்ட சண்ட போட்டாரு. மறுநாளு மாமாவே சமாதானம் பேச வந்தாரு. இவரு லேப்டாப்பு கேமராவ ஓட வுட்டுட்டுத்தான் எதுருல உக்காந்தாரு. கெளம்புறப்பதான் மாமா அதக் கவனிச்சாரு. நடந்தத நான் சொன்னா யாரு நம்புறாங்க? ஆதாரம் இருக்குதான்னு கேக்குறாங்க."

புருஷனின் அண்ணனைத்தான் மாமா என்கிறாள். பெயர் வீரமணி. தம்பி பாடைக்கு முன்னால் தீச்சட்டி தூக்கிப்போனவன். இன்றைக்கும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான், வெள்ளை வேட்டியோடு.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். இணைப்பைத் தடுக்கிற ஃபயர்வாலைத் தளர்த்தினேன். வைஃபை ரூட்டரில் வழி திறந்துவிட்டேன். இறங்கிய பகுதி சரியாக இருக்கிறதா என்று முழுதாகச் சோதித்தேன். அசையவில்லை. டோரண்டில், முழு வீடியோவை வைத்திருக்கிற ஒருவராவது தன் கம்ப்யூட்டரை ஆன் செய்து வைத்திருந்தால்தான் மிச்சம் வரும். இந்த வீடியோவை முழுதாக வைத்திருந்தது தங்கதுரையின் லேப்டாப் மட்டும்தான்.

"லேப்டாப்ப எடு. ஆன் பண்ணா வேல முடிஞ்சிது."

எழில்மதி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குழியில வெச்சிட்டாங்கக்கா."

எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் உண்டு. செத்தவர் ஆசையாய் வைத்திருந்ததைக் கூடவே வைத்துப் புதைப்பார்கள். வெற்றிலை வைப்பார்கள், பீடிக்கட்டு வைப்பார்கள். 'உசுரா வெச்சிருந்தான், அவங்கூடவே போவட்டும்' என்று அழுதுகொண்டே வீரமணிதான் லேப்டாப்பைத் தம்பியின் நெஞ்சின் மேல் வைத்தானாம். பார்த்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சடங்கு என்ற பெயரில் சாட்சியை ஊரைக் கூட்டி வைத்துப் புதைத்திருக்கிறான்.

"படுபாவி! நல்லா இருப்பானா அவன்?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே கத்தினேன்.

திரையில் காலியாகக் கிடந்த இணைப்புப் பட்டியலில் ஒரு வரி வந்தது.

யாரோ முழு வீடியோவோடு சேர்ந்திருக்கிறார்கள். வெளியூர் இணைப்பு இல்லை. இதே வீட்டு ரூட்டரில்தான் இருந்தது. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பெயரைப் பார்த்தேன்.

தங்கதுரை லேப்டாப்.

"எவனோ குழியத் தோண்டி எடுத்துட்டான் எழிலு" என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் கேட்டது. பழைய லேப்டாப்பின் விசிறி தூசி அடைத்துச் சுற்றுகிற சத்தம். சிமென்ட் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

ஈர மண் வாசனை. அதோடு சாராய நெடி.

"அவருதாங்க்கா" என்றாள் கிசுகிசுப்பாக.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

வாசலில் வீரமணி. நான் கத்தியது கேட்டிருக்கிறது. உள்ளே வந்து திரையில் 'அண்ணன்' என்ற பெயரைப் பார்த்தான். முகம் செத்துப்போனது. ஒரே எட்டில் ரூட்டரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

ரூட்டரின் விளக்குகள் அணைந்தன.

இணைப்பு அறுபடவில்லை.

மிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது.

"நிறுத்தும்மா அத. நிறுத்து!"

"நீயே நிறுத்திக்கோ. உன் தம்பிதான் அனுப்புறான்" என்றேன். எனக்குப் பயம்தான். கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நூறு ஆனதும் வீடியோவைத் தட்டினேன்.

இதே அறை. வீரமணி டம்ளரில் பாக்கெட்டைப் பிழிகிறான். வேண்டாம் என்று தங்கதுரை தலையாட்டுகிறான்.

"குடிடா. கூடப் பொறந்தவன் குடுக்குறது வெஷமாவா இருக்கும்?"

தன் குரலைக் கேட்டதும் வீரமணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தரைக்கடியில் விசிறிச் சத்தம் நின்றது.

வீடியோவை எடுத்துக்கொண்டு நானும் எழில்மதியும் ஸ்டேஷனுக்குப் போனோம். வீரமணியைக் கூட்டிப்போனார்கள். தாசில்தார் முன்னால் குழியைத் தோண்டினார்கள். லேப்டாப்பை மூடித்தான் வைத்ததாகக் குழி வெட்டிய பழனி சத்தியம் செய்கிறார். அது திறந்திருந்தது. நெஞ்சின் மேல் கட்டி வைத்திருந்த கைகளில் ஒன்று அவிழ்ந்து கீபோர்டின் மேல் கிடந்தது. பேட்டரி உப்பி வெடித்திருந்தது. இப்போது அந்த லேப்டாப் ஸ்டேஷனில் சீல் வைத்த மூட்டைக்குள் இருக்கிறது.

எழில்மதி லைட்டை அணைத்துவிட்டாளாம். நன்றாகத் தூங்குகிறாளாம். எனக்குத்தான் ஆறவில்லை. வீரமணி விற்றவன். மலையில் காய்ச்சியவன் யார், அதைக் கீழே இறங்கவிட்டவன் யார்? அவர்களெல்லாம் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

இன்று காலையில் கடையைத் திறந்ததும் ஈர மண் வாசனை அடித்தது. என் கம்ப்யூட்டரில் டோரண்ட் தானாகத் திறந்திருந்தது. நான் சேர்க்காத புது வீடியோ ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. அனுப்புகிற இடத்தில் அதே பெயர், தங்கதுரை லேப்டாப். வீடியோவின் பெயரைப் படித்தேன்.

'அண்ணனுக்குக் கொடுத்தவன்.'

மெதுவாகத்தான் வருகிறது. வரட்டும். பகல்தான், ஆனாலும் கடை லைட்டைப் போட்டு வைத்திருக்கிறேன்.