கம்பத்தடியில் ஒரு பருந்து

மின்வாரிய லைன்மேன் பொன்ராஜ் ராயபுரத்தில் லூர்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ரயில்வேயில் சிக்னல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற லூர்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வட்டாரத்தில் யார்மீது வீண்பழி விழுந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்குத் துணையாக ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜஸீமாவும் அங்கே இருந்தாள். துப்புத் துலக்கும் வேலை வந்துவிட்டால் அவளுக்குச் சவாரி எல்லாம் மறந்துபோகும்.

காலையில் புளியந்தோப்பு குடியிருப்பருகே மின்கம்பியில் தீப்பொறி பறந்து, இணைப்பு அறுந்து, தெருவுக்கே மின்சாரம் போயிற்றாம். கம்பத்தடியில் இரண்டு முழம் கட்டுக்கம்பியும் செத்த பருந்தும் கிடந்தன. முந்தின நாள் அந்தக் கம்பத்தில் வேலை பார்த்தவர் பொன்ராஜ். கம்பியை மேலேயே மறந்துவிட்டார் என்று மின்வாரியப் பொறியாளர் முடிவு கட்டிவிட்டார். மூன்று மணிக்கு விசாரணை. வேலை போய்விடும் போலிருந்தது.

"நான் வுடல சார். பதினெட்டு வருசமா கம்பம் ஏறிகினு கீறேன். ரெண்டு தபா பாக்காம எறங்கமாட்டேன்," என்றார் பொன்ராஜ்.

மூவரும் கம்பத்தடிக்குப் போனார்கள். பொன்ராஜுக்கு ஆகாதவன் எவனோ கம்பியை வீசியிருக்கிறான் என்று ஜஸீமா அடித்துச் சொன்னாள். லூர்து காதில் வாங்காமல் பருந்தைப் புரட்டினார். இறக்கையில் ஒரு கருகல் இல்லை. கால் நகங்கள்தான் தீய்ந்திருந்தன. கம்பியில் எறும்பு மொய்த்தது. அங்கங்கே மஞ்சள் கறை. அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கே நின்ற பொறியாளரையும் அழைத்துக்கொண்டு எதிர்க் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு ஏறினார்.

அங்கே துப்புரவுத் தொழிலாளி அன்புக்கரசி உப்புக்கண்டம் காயவைத்திருந்தாள். உப்பும் மஞ்சளும் தடவிய மாட்டுக்கறி, கட்டுக்கம்பியில் கோத்து இரண்டு சரம். மூன்றாவது கொக்கி காலி.

லூர்து நிதானமாகச் சொன்னார்: "மின்கம்பியில இறக்கை பட்டுச் செத்திருந்தா இறக்கை தீஞ்சிருக்கும். நகம் மட்டும் தீஞ்சிருக்கு. அப்போ கட்டுக்கம்பியைப் பிடிச்சிருந்தது பருந்துதான். லைன்மேன் விட்ட கம்பியில எறும்பு ஏன் மொய்க்கணும்? மஞ்சள் ஏன் ஒட்டணும்? கறியோட சரத்தைத் தூக்கிட்டுப் பறந்திருக்கு. தொங்கின சரம் ரெண்டு மின்கம்பியிலயும் உரசியிருக்கு. கீழே விழுந்த கறியை நாய் தின்னிருக்கும்."

அன்புக்கரசி காலிக் கொக்கியைக் காட்டினாள். "நூல்ல கோத்தா காக்கா பிச்சிகினு பூடுது சார். அதான் கம்பில கோத்தேன். இம்மாம் வேல ஆவும்னு சத்தியமா தெரியாது." பொன்ராஜ் பக்கம் திரும்பினாள். "ஒன் பொழப்புல மண்ணப் போட இருந்தனே அண்ணா."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொறியாளர் படித்துவிட்டு, விசாரணை இல்லை என்றார். அவசரப்பட்டுவிட்டேன் என்று பொன்ராஜிடம் ஒப்புக்கொண்டார். அறுந்த இணைப்பைச் சரிசெய்யும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்.

பொன்ராஜ் மனைவி மலிகாவுக்கு ஃபோன் போட்டார். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஜஸீமா ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"பயப்படாதக்கா. ஒன் வூட்டுக்காரரு கம்பம் ஏறப் போறாரு. அயுது முடிச்சிட்டுப் பேசுவாரு."