பின் சீட்டில் சத்தமே இல்லை

சின்னவனுக்கு வயது ஆறு. வாய்க்கு மட்டும் அறுபது. காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் இரவு தூங்கும்வரை ஓயமாட்டான். சில நாள் தூக்கத்திலும் பேசுவான். அவனுடைய அக்காவுக்குப் பதினொரு வயது. பாவம், அவள் காதுகளுக்கு விடுமுறையே கிடையாது.

அன்று காலை பள்ளிப் பேருந்து வரவில்லை. குளிரில் வண்டி கிளம்ப மறுக்கிறதாம். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். விடியும் முன்பே போய்விட்டாள். பள்ளியிலிருந்து தகவல் வந்ததும், அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள்.

“சைக்கிள்ல போயிருங்க. தம்பியப் பின்னாடி உக்கார வச்சுக்கோ. பத்திரம்டி. உன்ன நம்பித்தான் விடறேன்.”

“நான் பாத்துக்கறேம்மா.”

சொல்லிவிட்டாளே தவிர, சைக்கிள் டயரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். தனியாக எவ்வளவு தூரமும் ஓட்டுவாள். தம்பியை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது இதுதான் முதல் தடவை. அதுவும் ஆற்றங்கரைச் சாலையில் அரைமணி நேரம். அங்கே அடிக்கிற காற்று லேசில் விடாது.

அவனுக்கு ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாம் மாட்டி, பின் சீட்டில் ஏற்றினாள். பிறகு விரல் நீட்டிக் கட்டளை போட்டாள்.

“என் இடுப்பைக் கெட்டியா பிடிச்சுக்கணும். ஆடக் கூடாது, அசையக் கூடாது. முக்கியமா, வாயத் திறக்கக் கூடாது. திறந்தா குளிர் காத்து உள்ள போயிரும்.”

கடைசியாகச் சொன்னதில் பாதிதான் உண்மை. அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்ட முடியாது என்பது மீதிப் பாதி.

கொஞ்ச தூரம் போனதும் அக்காவுக்கு உடம்பு சூடேறியது. மிதிக்க மிதிக்கக் கழுத்தில் வியர்த்தது. கோட்டின் ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டாள். ‘பெரிய குளிர்!’ என்று நினைத்துக்கொண்டாள். தம்பியும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

எதிரே ஒருவர் மூன்று நாய்களை இழுத்துக்கொண்டு வந்தார். உண்மையில் நாய்கள்தான் அவரை இழுத்து வந்தன. நாயைப் பார்த்தால் சின்னவன் ஊரைக் கூட்டுவான். இன்று பின் சீட்டில் சத்தமே இல்லை.

“டேய், நாய் பாத்தியா?”

பதில் இல்லை.

“இப்பப் பேசலாம்டா.”

‘ம்’ என்றுகூட வரவில்லை. அவளுக்குப் பகீரென்றது. பிரேக்கைப் பிடித்து இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

அவன் உதடு வெளிறியிருந்தது. பற்கள் தந்தியடித்தன. அவளுடைய கோட்டைப் பிடித்த விரல்கள் அப்படியே மடங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

“ஏன்டா சொல்லல?”

“நீ... நீதான... பேசக் கூடாதுன்ன.”

ஒரு நாளும் அவள் சொன்னதைக் கேட்காதவன், இன்றைக்குப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீடு எவ்வளவு தூரமோ பள்ளியும் அவ்வளவு தூரம். அம்மாவைக் கூப்பிடப் போனும் இல்லை.

‘ஒரே சைக்கிள், ஒரே காத்து. எனக்கு வேர்க்குது, இவன் மட்டும் ஏன் விறைச்சுப் போறான்?’

அப்போதுதான் உறைத்தது. அவள் மிதிக்கிறாள். அவன் மூட்டை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

சட்டென்று கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டாள். உள்ளே அவள் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. அவன் கையுறையைக் கழற்றி, அந்தக் கைகளைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். ஐஸ் கட்டி பட்டதுபோல் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் விடவில்லை.

பக்கத்தில் பூட்டிய கடை வாசலில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிற ஒரு அம்மாள் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சாப்பாட்டு டப்பா நினைவு வந்தது. செய்தித்தாளில் சுற்றிவைத்தால் அது மதியம்வரை ஆறாதே!

“அம்மா, பழைய பேப்பர் இருந்தா குடுப்பீங்களா? தம்பிக்கு ரொம்பக் குளிருது.”

“எடுத்துக்கோ கண்ணு. நேத்துப் பேப்பர் கெடக்கு. நீயும் ரெண்டு வச்சுக்கோ. நீ படுத்துட்டா அவன யாரு பாக்கறது?”

இருவர் ஸ்வெட்டருக்குள்ளும் மார்பை மூடி, முதுகை மூடி, செய்தித்தாள் நுழைந்தது.

“இப்ப அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடலாம் வா.”

“முடியாதுக்கா.”

“நானும் கூட வரேன்டா. ஒரே ஒரு கம்பம்.”

ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் தம்பி. முதல் கம்பம்வரை அவன் தடுமாறினான். ‘விழுந்துடாதடா, விழுந்துடாதடா’ என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. இரண்டாவது கம்பத்தில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் நின்று, தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தான்.

“அக்கா, நேத்துச் செய்தியா இது? இன்னிக்குது கேட்டிருக்கலாம்ல?”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு இரண்டு கம்பம் சைக்கிள், ஒரு கம்பம் ஓட்டம். உட்காரும்போதும் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கம்பங்களைக் கத்தி எண்ண வேண்டும் என்று சொன்னாள். பன்னிரண்டுக்குப் பிறகு அவன் எண்ணிக்கை எங்கெங்கோ போனது. அவள் திருத்தவில்லை.

பள்ளி வந்தபோது முதல் பாடமே முடியப்போகிற நேரம். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். சைக்கிளை நிறுத்தியதும் அவள் தம்பியின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தன. பத்து விரலையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

“அக்கா, அழறியா?”

“காத்துடா.”

“இங்கதான் காத்தே இல்லியே.”

அவள் குனிந்து அவன் குல்லாவைச் சரிசெய்தாள். “பயந்துட்டேன்டா. ரொம்பப் பயந்துட்டேன். தப்பு என் மேலதான்.”

சின்னவன் கொஞ்சம் யோசித்தான்.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா முன்னாடி நீ இருந்தியே.”

சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்து ஓடினான், முழங்கால்வரை தொங்கிய அவளுடைய கோட்டோடு.