பத்தொன்பது விநாடிக்கு ஒரு பில்

கர்ட் ஹாகன்சன் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தபோது, நாலு மாடிக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் ஆளே இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை.

அமெரிக்காவின் டுலூத் நகரம். ஜனவரி மாதத் திங்கட்கிழமை. வெளியே மைனஸ் இருபத்தாறு. ஊரை ஒட்டிய ஏரி உறைந்து வெள்ளைத் தரையாகிவிட்டிருந்தது.

காலை எட்டு ஐம்பதுக்கு டிடெக்டிவ் நடீன் சுபான்சிச்சின் போன் அடித்தது.

மறுமுனையில் அவளுடைய உதவி அதிகாரி டெல்.

"எங்க இருக்கீங்க நடீன்?"

"கார்ல. இன்ஜின் இன்னும் சூடாகல. நானும்தான்."

"க்ரேலிங் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு வாங்க. பார்க்கிங்குக்கு இறங்குற படிக்கட்டுல ஒரு பாடி. மேனேஜர் கர்ட் ஹாகன்சன். வயசு நாற்பத்தொன்பது. கூட்டிப் பெருக்க வந்த அம்மா எட்டு நாற்பதுக்குப் பார்த்திருக்காங்க."

"வழுக்கி விழுந்திருப்பார். இந்தக் குளிருக்கு ஊரே வழுக்கிக்கிட்டு இருக்கு."

"படிக்கட்டு கட்டடத்துக்குள்ள இருக்கு. ஒரு சொட்டு ஈரம் இல்ல. விழும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சிருக்கார். வலது கைல ரெண்டு விரல் பின்பக்கமா ஒடிஞ்சிருக்கு. யாரோ பிடியைப் பிரிச்சிருக்காங்க..."

நடீன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

---

நாலாவது மாடி.

ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தடுப்புகள். தடுப்புக்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு ஆள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் பில்களைத் திறந்து, எண்ணைக் காப்பி செய்து, இன்னொரு திரையில் ஒட்டி, குறிப்பு எழுதி, சேமித்து, அடுத்த பில்லுக்குப் போவார்கள். நாள் முழுக்க அதே வேலை.

மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் எழுந்து நடைவழிக்கு வந்து நின்றிருந்தார்கள். பதினோரு பேர் ஒரு பக்கம். ஒருத்தி மட்டும் தனியாக.

நடீன் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

பதினோரு பேரிலிருந்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

"நான் வேய்ன் லஹ்டி. இங்க முப்பத்திரண்டு வருஷமா இருக்கேன். உங்க நேரத்தை வீணாக்க விரும்பல டிடெக்டிவ்." தனியாக நின்றவளைத் தாடையால் காட்டினார். "ஜோலீன் ஓஸ்ட்பி. அவளைக் கேளுங்க."

"எதுக்கு அவங்களை?"

"அவ ஒரு மேக்ரோ எழுதினா. மேக்ரோன்னா தெரியுமில்ல? நாம கையால பண்ற க்ளிக், டைப் எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுக்கிட்டு, ஒரு பட்டனைத் தட்டினா அதுவே திரும்பத் திரும்ப செஞ்சுக்கிட்டே இருக்கும். ஆறு மாசமா அதை ஓடவிட்டுட்டு மகாராணி காலாட்டிக்கிட்டு இருந்திருக்கா. போன வாரம் கர்ட் பார்த்துட்டார். வியாழக்கிழமை எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமை ஆபீசுக்கு அதை ஓட்டிக் காட்டப்போறேன், அப்புறம் இங்க இவ்வளவு நாற்காலி தேவைப்படாதுன்னு."

"அப்படின்னா கர்ட் மேல கோபம் உங்க எல்லாருக்கும்தானே இருக்கணும்?"

"எங்க சோறு போச்சுன்னா நாங்க யூனியனுக்குப் போவோம். அவ மூளையையே கர்ட் திருடிட்டார். அவளுக்குத்தான் வெறி."

"கர்ட் எட்டு பன்னிரண்டுக்கு ரிசப்ஷனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கார், டோநட் டப்பா கார்ல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்னு. அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"என் சீட்ல. பில் போட்டுக்கிட்டு. பதிவைப் பாருங்க. ஒவ்வொரு பில்லும் சேமிக்கிற நேரம், யார் சேமிச்சாங்கன்னு எல்லாம் தலைமை ஆபீஸ்ல இருக்கும்." வேய்ன் கசப்பாகச் சிரித்தார். "எங்க பதிவை நம்பலாம். அவ பதிவை நம்ப முடியாது. அவ கம்ப்யூட்டர் வேலை செய்யும்... அவ எங்க வேணா இருப்பா."

நடீன் டெல்லிடம் திரும்பினாள்.

"காலைப் பதிவு முழுக்க வேணும். எல்லாருடையதும்."

"கேட்டுட்டேன். மதியத்துக்குள்ள தர்றோம்னாங்க. கர்ட்டோட லேப்டாப் பூட்டையும் அவங்கதான் திறந்து தரணுமாம். அதுக்கு இன்னும் நேரமாகுமாம்."

---

ஜோலீனுக்கு முப்பத்தாறு வயது. வலது மணிக்கட்டில் துணிப்பட்டை. உட்காராமல் நின்றாள்.

"உட்காருங்க."

"பரவால்ல. என் நாற்காலில இன்னிக்கு யாரோ பசை கொட்டியிருக்காங்க. காலைலேர்ந்து நின்னுதான் வேலை பண்றேன். பழகிடுச்சு."

"யாரு கொட்டினாங்க?"

"பதினோரு பேர்ல ஒருத்தர். வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜ்ல வச்ச என் சாப்பாட்டைக் குப்பைல போட்டாங்க. சாயங்காலம் என் கார் கண்ணாடில தண்ணி ஊத்தி வச்சிருந்தாங்க. உறைஞ்சு போய் முக்கால் மணி நேரம் சுரண்டினேன்."

"மேக்ரோவை எதுக்கு எழுதினீங்க?"

ஜோலீன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு பில்லுக்குப் பதினாலு க்ளிக். ஒரு நாளைக்கு நானூறு பில். போன வருஷம் இங்க கத்தி வச்சாங்க. டாக்டர் மவுஸைத் தொடாதேன்னார். கர்ட்கிட்ட வேற வேலை கேட்டேன். வெளில பத்து பேர் நிக்கிறாங்கன்னார். அதனால எழுதினேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நானூறு பில்லை எண்ணூறு ஆக்குவாங்க. வேற என்ன நடக்கும்?"

"எப்படி மாட்டினீங்க?"

"சூப் குடிச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு கையிலயும் கிண்ணம். திரையில மவுஸ் தானா ஓடுது. கர்ட் பின்னாடி நின்னுட்டிருந்தார். திட்டுவார்னு நினைச்சேன்... சிரிச்சார். அப்பவே தெரிஞ்சுபோச்சு, எனக்கு நல்லதில்லன்னு."

நடீன் முன்னால் சாய்ந்தாள்.

"இன்னிக்குக் காலைல எட்டு பன்னிரண்டுக்கு?"

"என் மேஜைல. கையால பில் போட்டுக்கிட்டிருந்தேன்."

"கையாலயா? மேக்ரோ இருக்கும்போது?"

"வெள்ளிக்கிழமையே கர்ட் அதைப் பொது ஃபோல்டருக்கு மாத்திட்டார். இனிமே இது கம்பெனி சொத்து, நீ தொடக்கூடாதுன்னார். தொடல."

"உங்களைப் பார்த்த சாட்சி?"

"என் முகத்தைப் பார்க்குறவங்க இங்க யாரும் இல்ல."

"உங்களுக்குக் காரணம் இருக்கு. சாட்சி இல்ல. உங்க கம்ப்யூட்டர் உங்களுக்காகப் பொய் சொல்லும்."

"அது பொய் சொல்லாது டிடெக்டிவ். சொன்னதைச் செய்யும். அவ்வளவுதான்."

நடீன் எழுந்தாள்.

"கோட்டைப் போட்டுக்கோங்க. ஸ்டேஷனுக்குப் போறோம்."

ஜோலீன் நடந்தபோது பதினோரு பேரும் வழிவிட்டார்கள். யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள். வேய்ன் லஹ்டி தட்டவில்லை. குனிந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

---

பதினொன்று நாற்பதுக்குப் பதிவு வந்தது.

டெல் அறுபது பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் போட்டான்.

"ஜோலீனுடையதை முதல்ல கொடு" என்றாள் நடீன்.

பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு பில்லுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

நாற்பத்தொன்று... ஐம்பத்தெட்டு... நாற்பத்தாறு... எழுபது...

பென்சில் நின்றது.

"டெல், இது மெஷின் இல்ல. கை வலிக்கிற ஆளோட வேகம். இங்க பாரு, ஒரு எண்ணைத் தப்பா அடிச்சுட்டு அழிச்சிருக்கா. அதிகபட்ச இடைவெளி எண்பத்தெட்டு விநாடி. அதுக்குள்ள நாலு மாடி இறங்கி, ஒருத்தரைத் தள்ளி, விரலை ஒடிச்சு, திரும்ப ஏற முடியுமா?"

"எனக்கு இறங்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"மத்த பதினொன்றையும் பிரிச்சுப் போடு."

ஒன்பதாவது ஆளின் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

பத்தொன்பது. பத்தொன்பது. பத்தொன்பது. பத்தொன்பது...

எட்டு ஐந்திலிருந்து எட்டு முப்பத்தொன்று வரை எண்பத்திரண்டு பில். இருமல் இல்லை. காபி இல்லை. ஒரு விநாடி முன்பின் இல்லை.

டெல் தலைப்பைப் படித்தான். மெல்ல விசிலடித்தான்.

வேய்ன் லஹ்டி.

"அனுபவம்னு சொல்லுவார்" என்றான் டெல். "முப்பத்திரண்டு வருஷக் கை, கடிகாரம் மாதிரி ஓடும்னு. ஜூரில ரெண்டு பேர் நம்பிடுவாங்க."

"சரி. அந்த எண்பத்திரண்டு பில்லுல அவர் என்ன குறிப்பு எழுதியிருக்கார்னு வாங்கு. ஒண்ணு விடாம."

---

மாலை மூன்று மணி. விசாரணை அறை.

வேய்ன் தெம்பாகத்தான் வந்து உட்கார்ந்தார்.

"அவ ஒத்துக்கிட்டாளா?"

"இன்னும் இல்ல." நடீன் ஒரு தாளை நகர்த்தினாள். "ஒரு சின்ன சந்தேகம். பில்லுக்குக் கீழ குறிப்பு எழுதுறீங்களே, அது முடிஞ்சதும் என்ன போடுவீங்க?"

"பேரோட முதல் எழுத்து. யார் எழுதினாங்கன்னு தெரியணுமில்ல. நான் டபிள்யூ.எல். போடுவேன்."

"படிங்க."

வேய்ன் கண்ணாடியை மாட்டினார். முதல் பில். இரண்டாவது. பத்தாவது...

தாளைப் பிடித்திருந்த கை கனத்தது போல மேஜையில் இறங்கியது.

எண்பத்திரண்டு குறிப்பு. எண்பத்திரண்டுக்குக் கீழேயும் ஜே.ஓ.

"ஜோலீன் அந்த மேக்ரோவைத் தனக்காக எழுதினா" என்றாள் நடீன். "தன் எழுத்தையும் சேர்த்துத்தான் பதிஞ்சு வச்சா. நீங்க பட்டனைத் தட்டினதும் அது உங்க பேர்ல உட்கார்ந்து அவ கையெழுத்தைப் போட்டுக்கிட்டே போச்சு. நீங்க திரையைப் பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க. ஆனா நீங்க சீட்ல இல்லையே."

"பேசத்தான் போனேன்" என்றார் வேய்ன்.

"சொல்லுங்க."

"எனக்கு அறுபத்தொண்ணு வயசு. ரிடயர் ஆக இன்னும் மூணு வருஷம். என் பொண்டாட்டிக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். இந்த வேலைல இருக்கிற இன்ஷூரன்ஸ்லதான் அது ஓடுது. வேலை போச்சுன்னா அதுவும் போச்சு. திங்கட்கிழமைன்னா டோநட் எடுக்க அந்தப் படிக்கட்டுலதான் இறங்குவார். அங்க காத்திருந்து கெஞ்சினேன். கர்ட், அந்த மெஷினைக் காட்டாதீங்கன்னு. பத்து மணிக்கு எல்லாம் தெரியும் வேய்ன், இப்போ வழிய விடுங்கன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்... அந்தச் சிரிப்புதான். கை தானா போயிருச்சு."

"விழுந்ததும் கம்பியைப் பிடிச்சார்."

"ஆமா."

"உங்க பேரைக் கூப்பிட்டிருப்பார்."

வேய்ன் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு தடவை."

நடீன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம் இடிக்குது வேய்ன். பேசத்தான் போனீங்கன்னா, போறதுக்கு முன்னாடி மேக்ரோவை ஏன் தட்டிவிட்டுப் போனீங்க?"

வேய்ன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஜோலீன் மேல பழி விழும்னும் தெரியும்."

"அவ எங்க எல்லாரையும் கொன்னுட்டாளே டிடெக்டிவ்." குரலில் நடுக்கம் இல்லை, வெறுப்பு மட்டும் இருந்தது. "கர்ட்டுக்காவது அது தொழில். அவ எங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டவ."

"அதை ஓட்ட உங்களுக்கு யார் கத்துக்கொடுத்தா?"

"கர்ட்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை மட்டும் கூப்பிட்டு உட்கார வச்சு, ஒரு மணி நேரம் கத்துக்கொடுத்தார். எப்படித் தட்டுறது, எப்படி நிறுத்துறது, எங்க தப்பு வரும்னு. எனக்கு எதுக்கு இதுன்னு கேட்டேன். திங்கட்கிழமை சொல்றேன்னார். என் குழியை என்னையே வெட்டச் சொல்றான்னு நினைச்சேன். அந்த ராத்திரி தூங்கல."

கதவு தட்டப்பட்டது.

டெல் தலையை நீட்டினான். கையில் ஒற்றைத் தாள்.

"கர்ட் லேப்டாப்பைத் திறந்துட்டாங்க நடீன். பத்து மணிக் கூட்டத்துக்கு அவர் தயார் பண்ணின கடைசிப் பக்கம்."

நடீன் வாசித்தாள். மறுபடி ஒருமுறை வாசித்தாள். பிறகு தாளை வேய்ன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அதில் இரண்டே பத்தி.

'பன்னிரண்டு பேரில் பதினோரு பேரை மார்ச் மாதத்துக்குள் அனுப்பிவிடலாம். முதலில் ஜோலீன் ஓஸ்ட்பி. அனுமதியில்லாமல் மென்பொருளை ஓட்டியவர்.

மேக்ரோ தவறு செய்தால் கண்டுபிடிக்க, பில்களை முழுக்க அறிந்த ஒருவர் நிரந்தரமாக வேண்டும். பயிற்சி கொடுத்துவிட்டேன். வேய்ன் லஹ்டி.'

வேய்ன் அந்தக் கடைசி வரியை விரலால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார்.

அவர் அழவில்லை.

---

ஐந்து மணிக்கு ஜோலீனை விடுவித்தார்கள்.

நடீனே வாசல்வரை வந்தாள். வெளியே பனி பெய்ய ஆரம்பித்திருந்தது.

"மன்னிச்சுக்கோங்க. காலைல கொஞ்சம் கடுமையா பேசிட்டேன்."

"இன்னிக்கு என்கிட்ட கடுமையா பேசினவங்க வரிசைல நீங்க பன்னிரண்டாவது. கைதட்டாம விட்டீங்க, அதுவே பெரிசு."

நடீன் தயங்கினாள். பிறகு தாளில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். பதினோரு பேர். முதல் பெயர் யாருடையது. மிச்சமிருக்கும் ஒரு நாற்காலி யாருக்கு வைத்திருந்தது.

ஜோலீன் கையுறையை மாட்டியபடி முழுவதும் கேட்டாள். முகம் மாறவில்லை.

"வேய்னோட மனைவிக்கு டயாலிசிஸ்னு தெரியும்" என்றாள் மெதுவாக. "அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நாள்ல அவர் பில்லையும் சேர்த்து நான்தான் போட்டிருக்கேன். என் மேக்ரோதான் போட்டுச்சு. அவருக்குத் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இங்க யாரு எதைக் கேட்டாங்க?"

இரண்டு படி இறங்கினாள். நின்றாள். திரும்பினாள்.

"டிடெக்டிவ்... தலைமை ஆபீஸ் நம்பர் உங்ககிட்ட இருக்குமில்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"அந்த ஒரு நாற்காலி இப்போ காலியாத்தானே இருக்கு? அதுல பசையும் இல்ல."